தேன்மெழுகு மட்டும் போதாது

அக்னி நட்சத்திர வெயிலில், நம்ம வேலூரில் வீட்டில் செய்த கிரீம் எண்ணெய் தனி, தண்ணீர் தனி என்று பிரிந்துவிடுகிறதா? தேன்மெழுகு கெட்டிப்படுத்தும், அவ்வளவுதான், இரண்டையும் பிணைக்காது. பிணைக்க ஆலிவ் எண்ணெயிலிருந்து எடுக்கும் ஆலிவெம் 1000 என்ற மெழுகை வாங்குங்கள். இன்னொரு பிணைப்பானான சோயா லெசித்தினை மட்டும் போட்டால் பிசுபிசுக்கும்.

100 கிராம் கிரீமுக்கு ஆலிவெம் 5 கிராம் போதும். அதை 20 கிராம் நல்லெண்ணெயோடு ஒரு கிண்ணத்திலும், காய்ச்சி வடித்த தண்ணீரை இன்னொன்றிலும் வைத்து, கொதிநீரில் இறக்கி இரண்டையும் 75 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சூடு சமமாக இருப்பது ரொம்ப முக்கியம். தண்ணீர் ஆறியிருந்தால் ஆலிவெம் மெழுகு மணி மணியாகத் திரண்டுவிடும். ஒன்றாக ஊற்றி, பிளெண்டரால் அடித்து, ஆறும்வரை கிளறுங்கள். 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் பிரிசர்வேட்டிவ், லேபிளில் சொன்ன அளவு. அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: தண்ணீர் கலந்த கிரீமில், பூஞ்சை கண்ணில் படும் முன்பே கிருமிகள் பெருகியிருக்கும்.