கப்பல் பஃபேல ஸ்பூன் எடுக்குறதுக்கும் ஒரு வரிசை இருக்கு

கப்பல் ஏறுன முதல் நாள் மதியம் எல்லாரும் போற இடம் ஒண்ணுதான், பஃபே. ரூம் கார்டு கைக்கு வந்திருக்கும் ஆனா ரூம் ரெடியாகியிருக்காது, பெட்டி எந்த டெக்ல சுத்திட்டு இருக்குன்னு தெரியாது, தோள்ல ஒரு பை, இடுப்புல ஒரு குழந்தை, பசி வேற. நாங்க மியாமில இருந்து கரீபியன் பக்கம் ஏழு நாள் போனப்போ அப்பா அம்மாவும் ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. உள்ள நுழைஞ்சதும் அம்மா கண்ணு போனது சாப்பாட்டு மேல இல்ல, வரிசை ஆரம்பத்துல ஸ்பூன் ஃபோர்க்லாம் குத்தி வச்சிருந்த டப்பா மேல. "ஏன்டா, எல்லாரும் இதுக்குள்ள கைய விட்டு துழாவுறாங்களே, இதையா வாயில வைக்கணும்?" பாத்தா உண்மைதான், யாரோ அவசரத்துல ஃபோர்க்க தலைகீழா சொருகிட்டாங்க போல, பல்லு மேல பாத்து நிக்குது, வர்றவங்க எல்லாரும் அந்த பல்லையே புடிச்சு இழுக்குறாங்க. அன்னிக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு மூணு தடவை போயாச்சு, நிறைய படிச்சும் பாத்தாச்சு, அதனால இப்ப எழுதுறேன்.

அந்த ஸ்பூனைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். டப்பாவுக்கு வந்து சேர்ற வரைக்கும் அது அனேகமா நம்ம வீட்டு ஸ்பூனை விட சுத்தமாத்தான் இருக்கும். அமெரிக்க துறைமுகங்களுக்கு வந்து போற பெரிய கப்பல்களுக்கு அங்க உள்ள சிடிசி, அதாவது நோய்த் தடுப்பு பாத்துக்குற அரசு அமைப்பு, ஒரு சுகாதாரத் திட்டம் வச்சிருக்கு, 1970கள்லயே ஆரம்பிச்சது. அதுல பாத்திரம் கழுவுற மிஷின் சுடுதண்ணில கிருமி நீக்குதுன்னா பாத்திரத்தோட மேற்பரப்பு 71 டிகிரி செல்சியஸையாவது தொடணும்னு விதி. நம்ம வீட்டு குழாய்த்தண்ணி அந்த சூட்டை கனவுலகூட பாத்திருக்காது. அதே திட்டத்துல இன்னொரு விதி, நாப்கின்ல சுத்தாம வைக்கிற ஸ்பூன் ஃபோர்க் கத்தியெல்லாம் கைப்பிடிய மட்டும் தொட்டு எடுக்குற மாதிரி வைக்கணும். அதாவது டப்பாவுல கைப்பிடி மேல நிக்கணும், தட்டுல படுக்க வச்சா கைப்பிடியெல்லாம் ஒரே பக்கம் பாத்து இருக்கணும். இது ரெண்டும் தெரிஞ்சா போதும், கிட்ட போன உடனே ஒரு பார்வைலயே தெரிஞ்சிடும். தலைகீழா இருந்தா அதுல இருந்து எடுக்காதீங்க, பக்கத்துல நிக்கிற ஊழியர்கிட்ட சொல்லுங்க, உடனே மாத்திடுவாங்க, கோச்சுக்கவெல்லாம் மாட்டாங்க. நீங்களே நல்லது பண்றேன்னு எல்லாத்தையும் திருப்பி வைக்க ஆரம்பிக்காதீங்க, அப்ப உங்க கையும் அதுல பட்ட கணக்குதான்.

ஆனா நான் சொல்ல வந்தது ஸ்பூனைப் பத்தி இல்லங்க, சாப்பாடு எடுத்துப் போட வச்சிருக்குற இடுக்கியப் பத்தி. சாலட்ல ஒண்ணு, சிக்கன்ல ஒண்ணு, ரொட்டில ஒண்ணு, சாதத்துல ஒரு பெரிய கரண்டி. நீங்க எடுத்த ஃபோர்க்க அன்னிக்கு தொட்டது ரெண்டு மூணு பேரா இருக்கலாம், அந்த இடுக்கியோட கைப்பிடிய ஒரு மணி நேரத்துல எத்தனை பேர் புடிச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பாத்ரூம் போயிட்டு கை கழுவாம வந்தவரும் அதுல இருப்பாரு, மூக்கத் துடைச்சிட்டு வந்த குழந்தையும் இருக்கும். நீங்க வாசல்ல எவ்வளவு அழகா கை கழுவிட்டு வந்தாலும் நாலாவது இடுக்கிய தொட்டதும் அந்தக் கணக்கு முடிஞ்சுது. அந்தக் கையாலயே ரொட்டியப் பிச்சு வாயில போடுறோம்.

கப்பல்ல எல்லாரும் பயப்படுறது நோரோவைரஸுக்கு, வாந்தியும் வயித்தால போறதும். 1968ல ஒஹாயோ மாநிலத்துல நார்வாக்ங்கிற ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல பரவுனதுல இருந்துதான் இதுக்கு அந்த பேரே வந்துச்சு, கப்பல்ல பொறந்த வியாதி இல்ல. அமெரிக்காவுல பதிவாகுற நோரோவைரஸ் பரவல்கள்ல கப்பலோட பங்கு நூத்துல ஒண்ணு அளவுதான்னு சிடிசியே சொல்லுது. ஆனா ரொம்ப கொஞ்சம் கிருமி உள்ள போனாலே போதும் படுக்க வச்சிடும், மேசை கைப்பிடின்னு வெளில நாள்கணக்குல உயிரோட இருக்கும், கிட்டத்தட்ட 63 டிகிரி சூட்டைக்கூட தாங்கும். அதனாலதான் பாத்திரத்துக்கு அந்த 71 டிகிரி முக்கியமாகுது. முக்கியமா இன்னொண்ணு, சானிடைசர் இதுகிட்ட பெருசா வேலை செய்யாது. சில வைரஸ்களுக்கு வெளிப்பக்கம் கொழுப்பு உறை இருக்கும், ஆல்கஹால் அதக் கரைச்சு சாகடிக்கும், இதுக்கு அந்த உறையே கிடையாது. சோப்பு, தண்ணி, 20 செகண்ட் நல்லா தேய்க்கணும், அவ்வளவுதான் வழி. நார்வீஜியன்ங்கிற கம்பெனியோட கப்பல்கள்ல பஃபே வாசல்ல நின்னு "வாஷி வாஷி, ஹேப்பி ஹேப்பி"ன்னு பாட்டு பாடிக்கிட்டே கைல ஸ்ப்ரே அடிப்பாங்க, குழந்தைங்களுக்கு ரொம்பப் புடிக்கும், எங்க அப்பா ரெண்டு தடவை வரிசைல போயி அடிச்சிக்கிட்டாரு. ஆனா பேருதான் வாஷி, அடிக்கிறது சானிடைசர்! ராயல் கரீபியன்ங்கிற இன்னொரு கம்பெனியோட ஓயாசிஸ் வகை பெரிய கப்பல்கள்ல பஃபே வாசல்லயே சிங்க் வரிசையா வச்சிருக்காங்க, அந்த மாதிரி இருந்தா விடாதீங்க.

சரி, எப்படி பண்றது. வரிசைய மாத்துங்க, அவ்வளவுதான். ஸ்பூனை கடைசியா எடுங்க.

முதல்ல ஒரு டேபிள் புடிச்சு ஒருத்தர உக்கார வைங்க. மத்தவங்க கை கழுவிட்டு தட்டு மட்டும் எடுத்துக்கிட்டு போங்க, வரிசை ஆரம்பத்துல ஸ்பூன் டப்பா இருந்தாலும் தாண்டிப் போயிடுங்க. இது சுத்தத்துக்கு மட்டுமில்ல, வசதிக்கும் இதான் சரி, ஏன்னா ஃபோர்க்கும் கத்தியும் முதல்லயே எடுத்துட்டீங்கன்னா இடது கைல தட்டு, தட்டுக்கு அடியில விரல் நடுவுல ஃபோர்க், வலது கைல இடுக்கி, மூணாவது ஐட்டத்துலயே ஃபோர்க் நழுவி யார் கால்லயாவது விழும், இல்ல சட்டைப் பையில சொருகிக்குவீங்க, அப்புறம் என்ன சுத்தம். சாப்பாட்ட எடுத்து முடிச்சு, டேபிள்ல தட்டை வச்சிட்டு, அங்கயே உப்பு மிளகு கெட்சப் பாட்டில் ஏதாச்சும் வேணும்னா அதையும் இப்பவே போட்டுக்கோங்க, ஏன்னா அந்த பாட்டிலும் இடுக்கி மாதிரிதான், எல்லார் கையும் பட்டது. இதெல்லாம் முடிஞ்ச பிறகு போய் இன்னொரு தடவை சோப்பு போட்டு கை கழுவிட்டு, வர்ற வழியில கைப்பிடிய மட்டும் புடிச்சு ஸ்பூன் எடுத்துட்டு வந்து உக்காருங்க. சாப்பாடு ஆறிடும்னு எங்க அப்பா கத்துவாரு. ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆறாது.

நிறைய கப்பல்ல இப்ப ஸ்பூன் ஃபோர்க் கத்திய துணி நாப்கின்ல சுருட்டி டேபிள்லயே வச்சிடுறாங்க. என்னைக் கேட்டா இதான் பெஸ்ட், வழியில போற வர்ற கை படாது, கூட்டமும் அந்த டப்பாகிட்ட தேங்காது. ஒரே குறை, டீ கலக்க மட்டும் ஒரு ஸ்பூன் வேணும்னாலும் முழு சுருளையும் பிரிக்கணும். பிரிச்சுட்டு வேண்டாம்னு திரும்ப சுருட்டி வச்சிடாதீங்க, அடுத்தவங்க அது புதுசுன்னு நம்பி எடுப்பாங்க. பிரிஞ்சு கெடக்குற சுருள நீங்களும் எடுக்காதீங்க.

கையால சாப்பிடுற நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. கூச்சப்படவே வேண்டாம், கப்பல்ல பாதிப் பேர் பீட்சா, பர்கர், ஃப்ரைஸ்னு கையாலதான் சாப்பிடுறாங்க. ஆனா ஸ்பூன்ல சாப்பிடுறவங்களுக்கு இடைல ஒரு ஸ்பூன் இருக்கு, நமக்கு அது இல்ல, இடுக்கி தொட்ட விரல் நேரா சாதத்துக்குள்ள போகுது. அதனால அந்த ரெண்டாவது கை கழுவல் நமக்கு கட்டாயம். அம்மாவுக்கு இத சொல்லி புரிய வைக்க வேண்டியதே இல்ல, சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வந்தப்புறம் கை கழுவுறதுதான அவங்க வழக்கம்.

இன்னும் சில விஷயம். நாப்கினால இடுக்கியப் புடிக்கிற ஆளுங்கள பாத்திருப்பீங்க, ஐடியா தப்பில்ல, ஆனா அதே நாப்கினால அப்புறம் வாயத் துடைச்சா எல்லாம் வீண். இடுக்கி கைப்பிடியோட குழம்புக்குள்ள முங்கிக் கெடந்தா நோண்டி எடுக்காதீங்க, ஊழியரக் கூப்பிட்டா இடுக்கியயும் மாத்திடுவாங்க, சாப்பாட்டையும் பாத்துக்குவாங்க. ரெண்டாவது தடவை போகும்போது புதுத் தட்டு எடுங்க, சாப்பிட்ட தட்டுல கரண்டி இடிச்சா உங்க எச்சில் எல்லாருக்கும் போகும். வாய் வச்சுக் குடிச்ச பாட்டில தண்ணி மிஷின் குழாய்ல முட்டி ரொப்பாதீங்க, கிளாஸ்ல புடிச்சு ஊத்திக்கோங்க. குழந்தைங்கள தனியா அனுப்பவே அனுப்பாதீங்க, என் பொண்ணு ஒரு தடவை பழத்துல இருந்த இடுக்கியால ஐஸ்கிரீம் எடுக்கப் பாத்தா. கூட்டம் புடிக்காதவங்க பஃபே தொறந்த உடனே போயிடுங்க, இடுக்கியெல்லாம் அப்பத்தான் புதுசா வச்சிருப்பாங்க.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே கப்பலோட மார்க்க பாத்துக்கலாம். சிடிசி ஆளுங்க சொல்லாம கொள்ளாம ஏறி சோதனை பண்ணி 100க்கு மார்க் போடுவாங்க, 86 எடுத்தாதான் பாஸ், 85 எடுத்தா ஃபெயில். எங்க என்ன தப்புன்னு அறிக்கையவே இணையத்துல போட்டிருக்காங்க, மார்க்க விட அதப் படிங்க, சமயத்துல ஈ பறந்ததுகூட எழுதியிருக்கும். பயணிகள்லயோ ஊழியர்கள்லயோ 3 சதவீதம் பேர் இல்ல அதுக்கு மேல வயித்துக் கோளாறுன்னு சொன்ன பயணங்களோட பட்டியலும் அங்கயே இருக்கு. சென்னைல இருந்து கிளம்புற கோர்டெலியா மாதிரி அமெரிக்கா பக்கமே போகாத கப்பல்களுக்கு இந்த மார்க் கிடையாது, உலக சுகாதார விதிகள்படி ஆறு மாசம் செல்லுபடியாகுற சுகாதாரச் சான்றிதழ்தான், அதுல இவ்வளவு விவரம் நம்ம கண்ணுக்கு வராது.

ஒரு நாள் காலைல போறீங்க, இடுக்கி ஒண்ணைக்கூட காணோம், ஊழியர்களே கையுறை போட்டு பரிமாறுறாங்க, டேபிள்ல உப்பு மிளகு டப்பாவும் இல்லன்னா யாருக்கோ வயிறு சரியில்லன்னு அர்த்தமா இருக்கலாம். முதல் ரெண்டு நாள் எப்பவுமே அப்படி பண்ற கப்பலும் இருக்கு, அதனால உடனே பயந்துடாதீங்க. உங்களுக்கே வாந்தி ஆரம்பிச்சா மாத்திரை போட்டுக்கிட்டு பஃபேக்கு மட்டும் வராதீங்க, மருத்துவ அறைக்கு போன் பண்ணுங்க, ரூம்லயே இருக்கச் சொல்லுவாங்க, சாப்பாடு அங்கயே வரும். கிருமி உள்ள போய் 12ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு, பெரும்பாலும் மூணு நாளுக்குள்ள சரியாயிடும்.

சொந்த ஸ்பூன் கொண்டு போகலாமான்னு கேப்பீங்க. தேவையில்லைங்கறது என் கட்சி, பாத்ரூம் குழாய்ல கழுவுறத விட அவங்க மிஷின் எவ்வளவோ மேல். அம்மா கேக்கல, ரெண்டாவது நாள்ல இருந்து கைப்பைல டிஷ்யூ சுத்தி ஒரு எவர்சில்வர் ஸ்பூன், கைப்பிடில அப்பா பேரு வெட்டுனது. ஆறாவது நாள் ராத்திரி சாப்பிட்டுட்டு டேபிள்லயே மறந்து வச்சிட்டாங்க, தட்டோட சேத்து வாரிட்டுப் போயிட்டாங்க. இப்ப அந்தக் கப்பல்ல ஏதோ ஒரு டப்பாவுல, கைப்பிடி மேல பாத்து, எங்க அப்பா பேரோட நின்னுட்டு இருக்கும்.