தோற்பாவைக் கூத்துக் குழுவைக் கனடாவுக்கு அழைத்து வருவது எப்படி?

தோலில் செய்த பாவைகளை வெளிச்சமிட்ட திரைக்குப் பின்னால் ஆட்டிக் கதை சொல்லும் கலை தோற்பாவைக் கூத்து. கன்னியாகுமரி மாவட்டத்து அப்படியொரு குழுவை டொராண்டோவுக்கு அழைக்கிறீர்கள். மூன்று இரவு கூத்து, கூடவே பத்து நாள் பாவைக் கண்காட்சி. ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ, முதல் தடவையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பறை, நாதஸ்வரம், தெருக்கூத்து என்று வேறு கலையாக இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும். குறைந்தது எட்டு மாதம் முன்பே தொடங்குங்கள். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் அன்று அரசு இணையதளத்தைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

1. படிவத்துக்கு முன்னால் கலைஞரோடு பேசுங்கள்

மண்டபத்தைப் பிடித்து, போஸ்டர் அடித்து, அதற்குப் பிறகு கலைஞரைக் கூப்பிடுவது நம்மிடம் உள்ள பழக்கம். அதை மாற்றுங்கள். தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஆள் இராமனுக்கும் சீதைக்கும் இராவணனுக்கும் பேசுவார். கோமாளிப் பாத்திரங்களான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் குரலை மாற்றிக்கொண்டு சிரிக்க வைப்பதும் அவரே. பெரும்பாலும் இது குடும்பமாகச் செய்யும் கலை. ஒருவர் ஆர்மோனியம், ஒருவர் மிருதங்கம், ஒருவர் அடுத்த காட்சிக்கான பாவையை வரிசை பிசகாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஐந்து பேர் தேவை என்று அவர் சொன்னால், விமானச் செலவைப் பார்த்து மூன்றாகக் குறைக்காதீர்கள். பாவை எடுத்துக் கொடுப்பவர் இல்லாவிட்டால் கூத்தின் ஓட்டமே அறுந்துபோகும்.

எவ்வளவு நேரம் தருகிறீர்கள் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். ஊரில் இராமாயணத்தைப் பல இரவுகள் தொடர்ந்து ஆடுகிறவர்களை, இரண்டு தலைவர் உரைகளுக்கு நடுவே பதினைந்து நிமிடம் ஆடச் சொல்வது கலைக்குச் செய்யும் அவமரியாதை. ஓர் இரவுக்கு ஒன்றரை மணி நேரமாவது முழுசாக அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் அழைக்க வேண்டாம்.

2. சின்ன மண்டபம் பாருங்கள்

திரை சிறியது. 800 பேர் மண்டபத்தில் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. 150 பேர் உட்காரும், விளக்கு முழுவதையும் அணைக்கக்கூடிய இடம் போதும். கலைஞர்கள் தரையில் உட்கார்ந்து ஆடுவார்கள். நம்மூர் சமூக மண்டபங்களில் தைமாதத் தரை கால் வைக்க முடியாதபடி சில்லிடும். தடித்த கம்பளம் விரித்துக் கொடுங்கள்.

3. ஒப்பந்தம், தமிழில்

ஒரு பக்கம் போதும். சன்மானம் எவ்வளவு, எந்த நாணயத்தில், எப்போது. விசா, விமானம், தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி யார் செலவு. காணொளி எடுக்கலாமா, எடுத்தால் யாருக்குச் சொந்தம். தொலைபேசியில் வரி வரியாக வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகு கையெழுத்து.

வரியை இங்கேயே எழுதிவிடுங்கள். வெளிநாட்டவர் கனடாவில் செய்யும் சேவைக்குத் தரும் சன்மானத்தில் 15% பிடித்து, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் வருமான வரி முகமைக்குக் கட்டுவது அழைப்பவரின் பொறுப்பு. ஓர் ஆண்டில் கனடாவில் 15,000 டாலருக்கு மேல் சம்பாதிக்காத கலைஞர்களுக்கு எளிய விலக்குப் படிவம் உண்டு. பணம் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே அனுப்ப வேண்டும். கூத்து முடிந்த இரவில் கவரைத் திறந்து பார்த்துவிட்டு, ‘என்னங்கய்யா, குறையுதே’ என்று ஒரு மூத்த கலைஞர் கேட்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

4. விசா

நிறையப் பேர் பயப்படும் இடம் இது. நல்ல செய்தி என்னவென்றால், மேடையில் ஆடுவதற்காக மட்டும் வந்து போகிற, நம் அமைப்போடு முதலாளி–தொழிலாளி உறவு இல்லாத வெளிநாட்டுக் கலைஞருக்கு வேலை அனுமதி தேவையில்லை. குடிவரவு விதிகளின் 186ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. வருகையாளர் விசா போதும். திரைப்படத்துக்கோ தொலைக்காட்சிக்கோ வானொலிக்கோ என்றே தயாரிக்கும் நிகழ்ச்சிக்கு இந்தச் சலுகை பொருந்தாது. மாதக்கணக்கில் வகுப்பு எடுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் வேறு அனுமதி வேண்டும், முன்பே ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

விசாக் கட்டணம் ஒருவருக்கு 100 கனேடிய டாலர், கைரேகைக்கு 85. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கலைஞர்கள் குழுவாக ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் கைரேகைக்கு மொத்தம் 255 டாலர்தான். இது தெரியாமல் தனித்தனியாகக் கட்டுகிறவர்கள் உண்டு.

இனிப் பெயர். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. போஸ்டரில் ‘மு.’ என்று ஓர் எழுத்து, கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுசாக, வங்கிப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டல் வேறு. முதல் தடவை நான் எழுதிய அழைப்புக் கடிதத்தில் போஸ்டரில் இருந்த பெயரைப் போட்டேன். கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை. மிருதங்கக்காரர் ஒருவர் வர முடியாமல் போனது. அதை அவரிடம் சொன்ன அந்தத் தொலைபேசிப் பேச்சு இன்னும் மனதில் இருக்கிறது. ஆகவே கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். குடும்பப் பெயருக்கான இடம் கடவுச்சீட்டில் காலியாக இருந்தால், படிவத்தில் இருக்கிற பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும்.

கடிதத்தில் நாள், இடம், நிகழ்ச்சி நிரல், தங்கும் முகவரி, செலவை ஏற்பவர், திரும்பும் தேதி எல்லாம் வரட்டும். கலைஞர்களிடம் கொழுத்த வங்கிக் கணக்கு இருக்காது. அதற்கு ஈடாக நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டை, விருதுச் சான்றிதழ்கள், பழைய நிகழ்ச்சி நோட்டீஸ்கள், செய்தித்தாள் வெட்டுகள் வையுங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும்.

5. பாவைகளுக்கும் ஒரு கடவுச்சீட்டு

அதன் பெயர் ஏடிஏ கார்னே. திரும்பிப் போகப்போகும் பொருளை வரி கட்டாமல் உள்ளே கொண்டுவர உதவும் ஆவணம். இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு வழங்குகிறது, அதிகபட்சம் ஓர் ஆண்டு செல்லும். பட்டியலில் ஒவ்வொரு பாவைக்கும் ஒரு எண், நீள அகலம், எடை, மதிப்பு. ‘பாவைகள் 120’ என்று ஒரே வரியில் எழுதினால் சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் வைத்துப் படமெடுத்து, அந்த எண்ணைப் பாவையின் குச்சியில் ஒரு சின்னத் துணியில் எழுதிக் கட்டிவிடச் சொல்லுங்கள். விற்கப்போகும் பாவைகளை இதில் சேர்க்கக்கூடாது. அவற்றுக்கு வழக்கமான இறக்குமதிதான்.

இன்று ஆட்டுத் தோலில் பாவை செய்கிறார்கள். தாத்தா காலத்துப் பெட்டியில் மான் தோல் பாவை கிடக்கலாம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கும். ஊரிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். நூறு ஆண்டு கடந்தது தொல்பொருள் ஆகிவிடும், அதையும் எடுத்துவர முடியாது. வயது பார்த்தால் சந்தேகம் வரும் பாவைக்குத் தொல்லியல் துறையின் ‘தொல்பொருள் அல்ல’ சான்று வாங்கிவிடுங்கள். பாவைத் தோல் முடி சுரண்டிக் காயவைத்தது, செருப்புத் தோல்போல் பதனிட்டதல்ல. எனவே விலங்குப் பொருள் இறக்குமதியையும் கவனிக்கும் கனேடிய உணவு ஆய்வு முகமைக்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலை அச்சடித்துக் கையில் வையுங்கள்.

6. கண்காட்சி

பாவையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்து முன்னால் இருந்து வெளிச்சம் அடித்தால் அது வெறும் தோல். பின்னால் இருந்து வெளிச்சம் வந்தால்தான் சிவப்பும் பச்சையும் ஒளிரும், அனுமனின் நகையில் குத்திய ஓட்டைகள் ஒவ்வொன்றும் புள்ளிப் புள்ளியாய்த் தெரியும். சூடாகாத எல்இடி விளக்கு மட்டும் போடுங்கள். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு தோல் ஓரம் சுருளும், மிருதங்கத்தின் சுருதியும் ஏறிவிடும். ஈரப்பதமூட்டி ஒன்று வாடகைக்கு எடுங்கள். மூன்று இரவு குரல் கொடுக்கப்போகிறவரின் தொண்டைக்கும் அது வேண்டும். பாவையின் பெயருக்குக் கீழே அதைச் செய்தவரின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

7. வந்த பிறகு

குளிர்காலத்தில் இந்திய நேரத்துக்கும் நமக்கும் பத்தரை மணி வித்தியாசம். வந்திறங்கி மூன்று நாள் கழித்து முதல் கூத்து வையுங்கள். குடும்பத்தை வீடு வீடாகப் பிரித்துத் தங்க வைக்காதீர்கள். கோட்டு, காலணி விமான நிலையத்துக்கே போகட்டும். வருகையாளருக்கு ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி கிடையாது. தனிக் காப்புறுதி கட்டாயம்.

திரும்பும் நாளில் நான்கு மணி நேரம் முன்பே பியர்சன் விமான நிலையத்துக்குப் போங்கள். பெட்டியைச் செக்-இன்னில் போடுவதற்கு முன் சுங்க அலுவலகத்தில் பாவைகளைக் காட்டிக் கார்னேயில் வெளியேறும் முத்திரை வாங்க வேண்டும். பெட்டி உள்ளே போய்விட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. ஊரில் இறங்கியதும் அங்கேயும் ஒரு முத்திரை. மொத்தம் நான்கு: இந்தியாவில் இரண்டு, இங்கே இரண்டு. நான்காவது விழுந்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வந்து சேரும்வரை கோப்பை மூட வேண்டாம்.