ஜெர்மன் பேசப் பழக ஒரு நண்பர்: டெல்டாவிலிருந்து வருகிறவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கமிருந்து ஜெர்மனிக்குப் புதிதாக வந்து இறங்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். வீட்டு முகவரியைப் பதிவு செய்வது, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பேச்சைப் பற்றிச் சொல்கிறவர்கள் குறைவு.

ஏ1, பி1, பி2 என்று ஏதோ ஒரு நிலையின் ஜெர்மன் தேர்ச்சிச் சான்றிதழோடுதான் வந்திருப்பீர்கள். நர்ஸ் வேலைக்கு வந்தவர்கள் பி2 வரை முடித்திருப்பீர்கள். அப்படியும் முதல் வாரம் பேக்கரியில் நிற்கும்போது எதிரில் இருப்பவர் பேசுவது பாதிதான் புரியும். பயப்படாதீர்கள். புத்தகத்தில் இருப்பது ஹோக்டாய்ச், அதாவது எழுத்து ஜெர்மன். கடையிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் காதில் விழுவது அந்தந்த ஊர்ப் பேச்சு. ஹாம்பர்க்கில் ‘மொயின்’ என்று வணக்கம் சொல்வார்கள், மியூனிக்கில் ‘செர்வுஸ்’ என்பார்கள். ஒரே சின்ன ரொட்டிக்கு வடக்கே ‘ப்ரோட்ஷென்’, பெர்லினில் ‘ஷ்ரிப்பே’, பவேரியாவில் ‘ஸெம்மல்’ என்று பெயர். ஸ்டுட்கார்ட் பக்கம் ‘ஷாஃபன்’ என்றால் வேலை பார்ப்பது.

மணி சொல்வதில்தான் கவனம் வேண்டும். ‘ஹால்ப் த்ரை’ என்பதில் மூன்று இருந்தாலும் அது இரண்டரை மணி. கிழக்கு ஜெர்மனியிலும் தெற்கில் பல இடங்களிலும் ‘ஃபியர்ட்டல் த்ரை’ என்றால் இரண்டே கால். மூன்றே கால் என்று எண்ணிப் போனால் டாக்டரிடம் வாங்கிய நேரம் போய்விடும். சந்தேகம் இருந்தால் இலக்கத்தில் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இதெல்லாம் ஆளோடு பேசித்தான் வரும். அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு மொழிக்கு 600 பாடநேரமும், நாட்டைப் பற்றி அறிய 100 பாடநேரமும் தருகிறது. கிடைத்தால் விடாதீர்கள். ஆனாலும் வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவருக்கு வாய் திறக்க எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மிச்சத்தை இணையத்தில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். டேண்டம், ஹலோடாக் போன்ற செயலிகள் இதற்கென்றே இருக்கின்றன: அவர் மொழியை நீங்கள் பழகலாம், உங்கள் மொழியை அவர் பழகலாம். பல பல்கலைக்கழகங்களின் மொழி மையங்களும் இப்படி ஜோடி சேர்த்துவிடுகின்றன.

இங்கேதான் நம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள். ‘எனக்குத் தெரிந்த மொழி’ என்ற இடத்தில் ஆங்கிலம் என்று போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து தமிழ் என்று போடுங்கள். தமிழ் தேடுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் தேடி வருகிறவர் நிலைத்து நிற்பார். தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்தவர், பரதம் கற்பவர், இந்தியவியல் மாணவர் என்று பலவிதம் உண்டு. எல்லோரையும்விட நல்ல கூட்டாளி, இங்கேயே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஜெர்மன் பிறந்த ஊர் மொழி. தமிழை இன்னும் நன்றாகப் பேச வேண்டும் என்ற ஆசையும் பலருக்கு இருக்கிறது. நீங்கள் ‘இஞ்ச வா’ என்றால் அவர்களுக்குச் சட்டென்று புரியும், ஏனென்றால் யாழ்ப்பாணத்திலும் ‘இஞ்ச’தான். நாம் காரத்தை ஒரப்பு என்போம், அவர்கள் உறைப்பு என்பார்கள். ‘கதைக்கிறது’, ‘ஓம்’, ‘வடிவு’ எல்லாம் ஒரே வாரத்தில் உங்கள் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். நேரில் பழக வேண்டுமானால் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்குப் போய் வாருங்கள். 2002இல் குடமுழுக்கு கண்ட கோயில் அது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் வருவார்கள்.

ஊர்ப் பேச்சைக் கொடுத்து வாங்குவதில் உங்களுக்கே பெரிய லாபம் இருக்கிறது. ஜெர்மனை ஆங்கிலம் வழியாகப் புரிந்துகொள்ளப் பார்த்தால் கஷ்டம், வீட்டில் பேசும் தமிழ் வழியாகப் போனால் பல இடங்களில் பாதை நேராக இருக்கிறது. ‘மிர் இஸ்ட் கால்ட்’ என்பதில் ‘மிர்’ என்றால் எனக்கு. ‘எனக்குக் குளிரா இருக்கு’ என்று நாம் சொல்வதும் அதே அமைப்பில்தான். ‘தாஸ் கெஃபெல்ட் மிர்’ என்றால் ‘அது எனக்குப் பிடிச்சிருக்கு’. ‘வைல்’ என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் அங்கே தடுமாறுவார்கள். தமிழ் வாய்க்கு வினை கடைசியில் வருவது பழக்கம்தானே.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். தோட்டத்துக்கும் அட்டைகளுக்கும் அங்கே இரண்டு வேறு சொற்கள். ஒன்று ‘கங்கை’யின் முதல் ஒலியில் தொடங்கும், மற்றது ‘கல்’லின் முதல் ஒலியில். தமிழில் எழுதினால் இரண்டும் ‘கார்ட்டன்’தான். ‘ப’ எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் நண்பரோடு எழுத்தில் அரட்டை அடிப்பதைவிடக் குரல் பதிவு அனுப்பச் சொல்கிறேன். அவர் சொன்னதை மூன்று நான்கு தடவை கேட்டு, அதே மாதிரி சொல்லிப் பதிந்து அனுப்புங்கள். பேசும்போது நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம், கடைசியில் சேர்த்துச் சொல்லுங்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. அரை மணி ஜெர்மன், அரை மணி தமிழ் என்று கடிகாரத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்காவிட்டால் இரண்டு பேருமே ஆங்கிலத்துக்குப் போய்விடுவீர்கள்.

எதைப் பேசுவது என்று கேட்பவர்களுக்கு: தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். வானிலையும் பொழுதுபோக்கும் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, கல்லணையில் பிரிந்து வெண்ணாற்றிலும் காவிரியிலும் வரும் தண்ணீர், அது கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்று வீட்டில் ஓயாமல் நடக்கும் பேச்சு, குறுவை, சம்பா, தாளடி. இதைச் சொல்லத் தொடங்கினால் இறந்தகாலம், எதிர்காலம், ‘வந்தால்’, ‘வராவிட்டால்’ எல்லாம் தானாகத் தேவைப்படும். மதகு என்றால் என்னவென்று ஜெர்மனியின் வட கடற்கரைக்காரருக்கு விளக்கவே வேண்டியதில்லை. அவர்கள் கரை கட்டி, ‘ஸீல்’ என்ற மதகு வைத்துத் தண்ணீரை ஆளும் தாழ்நிலத்துக்காரர்கள். க்ரேட்ஸீல், பென்ஸர்ஸீல் என்று ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. இப்படி ஒருவர் கிடைத்தால் அவரிடம் வட்டார ஜெர்மன் சொற்களைக் கேட்டு வாங்குங்கள். வாய்க்கால், மடை, படுகை, நடவு எல்லாவற்றையும் நீங்கள் கொடுங்கள்.

நம் பேச்சைச் சொல்லிக்கொடுக்கும்போது கூச்சம் வேண்டாம். ‘பயலுவோ வந்தானுவோ’ என்பது கொச்சை, செய்தி வாசிக்கும் தமிழ்தான் தமிழ் என்று ஒதுக்காதீர்கள். தஞ்சாவூரில் பஸ் ஏறப்போகிறவருக்கு முதலில் வேண்டியது அந்தப் பேச்சுதான். நாகூர்க்காரர்களாக இருந்தால் அக்காவைக் கூப்பிடும் ‘லாத்தா’வையும் ‘பசியாறியாச்சா’வையும் சேர்த்துக் கொடுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் பழகினார். பத்தே ஆண்டில், 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹால்லே நகரில் அச்சானது. நம் ஆற்றங்கரைக்கும் இந்த நாட்டுக்கும் மொழிக் கொடுக்கல் வாங்கல் புதிதில்லை.

யாரிடம் எதைப் பேசலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். ‘டா’ என்று கற்றுக்கொண்டு ஊருக்கு வந்து உங்கள் தாத்தாவிடமே பேசிவிடுவார்கள். ‘து’வும் ‘ஸீ’யும் நம் நீ, நீங்களுக்கு அப்படியே பொருந்தாது. நம் பக்கம் வயதில் சின்னவரையும் ‘வாங்க தம்பி’ என்போம். இங்கே அலுவலகத்தில் மேலதிகாரியே ‘து’ போடச் சொல்லலாம். அவர் சொல்லும்வரை ‘ஸீ’யிலேயே இருங்கள். கெட்ட வார்த்தையைச் சொல்லவைத்துச் சிரிக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நம்பிச் சொல்கிறவரை அவமானப்படுத்துவது அது.

பணம் கேட்பவர், பாஸ்போர்ட் நகல் கேட்பவர், முதல் நாளே வீட்டு முகவரி கேட்பவர் யாராக இருந்தாலும் உடனே தடை செய்துவிடுங்கள்.

இன்னும் ஊரில்தான் இருக்கிறீர்கள் என்றால் இன்றே தொடங்கலாம். கோடையில் நாம் இவர்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், குளிர்காலத்தில் நாலரை. கும்பகோணத்தில் இரவு 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 5.30, வேலை முடிந்து வரும் நேரம். ப்ளூ கார்டில், அதாவது உயர்படிப்பு முடித்து வேலைக்கு வருகிறவர்களுக்கான அனுமதியில் வருகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்து பி1 கையில் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம்.

நண்பர் என்றாவது உங்கள் ஊருக்கு வருகிறேன் என்பார். அப்போது வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: மெதுவாகப் பேசுங்கள், ஆனால் நம்ம பேச்சிலேயே பேசுங்கள், அவருக்காக ஆங்கிலம் தேட வேண்டாம் என்று.