பலகார எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க

ஆர்டர் எடுத்து முறுக்கு, தட்டை சுட்டுக் கொடுக்கிறேன். வாங்கிப் போனவர்கள் இரண்டு வாரம் கழித்து டப்பாவைத் திறந்தாலும் சிக்கு வாடை வரக்கூடாது. அதற்கு மாவுப் பக்குவம் மட்டும் போதாது, எண்ணெயைக் காப்பாற்றவும் தெரிய வேண்டும்.

எண்ணெயைக் கெடுப்பது ஃப்ரீ ராடிக்கல். ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு அலையும் துகள் அது. பக்கத்தில் இருக்கும் கொழுப்பிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்த கொழுப்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து அடுத்ததிடம் பறிக்கப் போகும். எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் தங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்து இந்தத் தொடரை நிறுத்தும். கொடுக்கக் கொடுக்க அவையும் தீரும். தீர்ந்துவிட்டால் வாடை வேகமாக ஏறும். அவை சீக்கிரம் தீராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் எண்ணெய்க்கு ஆகாது. ஜன்னலோரமும் அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியும் வேண்டவே வேண்டாம். பெரிய டின்னில் கால்வாசி எண்ணெய் கிடந்தால் மீதி முழுக்கக் காற்றுதான். சின்னப் பாட்டிலுக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும் பாட்டிலில் புதியதை ஊற்றாதீர்கள். நன்றாகக் கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகு ஊற்றுங்கள். அப்புறம், ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் எண்ணெய் வைக்கக்கூடாது. செம்பு இந்தக் கெடுதலை வேகப்படுத்தும். துருவும் அப்படித்தான்.

நல்லெண்ணெயை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எள்ளில் இருக்கும் செசமோலின் என்ற பொருள் சூடுபடும்போது செசமோல் என்ற இன்னொரு பொருளாக மாறுகிறது. அது நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் சீக்கிரம் தாக்கப்படும் கொழுப்பு அதிகம். நாள்பட வைக்கும் பலகாரத்துக்கு நான் அதைத் தொடுவதில்லை, கடலை எண்ணெய்தான்.

சுடும்போது புகை வரவிடாதீர்கள். கருகிய தூள்களை ஒவ்வொரு ஈட்டுக்கும் அரித்தெடுங்கள். சட்டியில் மாவு போடாமலே நுரை கட்டி அடங்காமல் நின்றாலோ, ஆறியதும் கரண்டியில் பாகு மாதிரி வழிந்தாலோ அந்த எண்ணெய் முடிந்தது. கடைகளுக்கு இதில் சட்டமே உண்டு: எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் துருவச் சேர்மங்கள் (போலார் காம்பவுண்ட்ஸ்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. வீட்டில் அளக்கக் கருவி இல்லை, கண்ணையும் மூக்கையும் நம்புங்கள். தாளிக்க ஆகுமே என்று எடுத்து வைக்காதீர்கள். கழுவுதொட்டியிலும் கொட்டாதீர்கள், குழாய் அடைக்கும். பயோடீசலுக்கு வாங்குகிறவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் கேனில் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.