பையன்கள் சண்டையை முன்கூட்டியே தடுப்பது எப்படி

மேலூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பையன்களுக்கு நான் பி.டி. டீச்சர். மைதானத்தில் யார் யாரோடு சேருகிறான், பஸ் ஏறும்போது யார் யாரைப் பார்க்கிறான் என்று கவனிப்பது என் வேலையில் பாதி. பெற்றோருக்கும், அண்ணன் அக்காமாருக்கும், புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

15, 16 வயதுப் பையன் ஒருவன் அடிக்கக் கிளம்புகிறான் என்றால், கோபத்தைவிட, போகாவிட்டால் கூட்டாளிகள் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான் அவனைத் தள்ளுகிறது. ஆரம்பம் சின்னதாகத்தான் இருக்கும். படிக்கட்டில் தொங்கும்போது ஒருத்தன் முறைத்திருப்பான். கபடியில் வேண்டுமென்றே முட்டியில் உதைத்திருப்பான். ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சேர்த்துப் பேசியிருப்பான். அதோடு விட்டால் மறந்துபோகும். ஆனால் சுற்றி இருப்பவர்கள் விடமாட்டார்கள். "என்னடா மாப்ள, சும்மா விட்டுட்டு வந்துட்ட?" என்பான் ஒருவன். இன்னொருவன் இன்ஸ்டாகிராமில் ஒரு ஸ்டோரி போடுவான். சாயங்காலத்துக்குள் ஊரே பார்க்கிற விஷயமாகிவிடும்.

அவசரத்தை அடக்கும் மூளைப் பகுதி 25 வயதை ஒட்டித்தான் முழுதாக வளர்கிறது. கூட்டாளிகள் பார்க்கும்போது இந்த வயதுப் பிள்ளைகள் கூடுதலாகத் துணிகிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. முறைப்புக்கும் அடிதடிக்கும் நடுவில் பெரும்பாலும் ஓரிரண்டு நாள் கிடைக்கும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் அதற்குள்தான்.

அந்த நாட்களில் பையனிடம் சில மாற்றங்கள் தெரியும். வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பான். சாப்பாட்டு மணி அடித்தால் டிபன் பாக்ஸைத் திறக்காமல் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போவான். வேறு ஊர்ப் பையன்கள் பைக்கில் வந்து கேட்டில் நிற்பார்கள். பையைத் தொடவிடமாட்டான். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் ஆறாம், ஏழாம் வகுப்புப் பொடியன்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களிடம் அன்றாடம் பேசிப் பழகி வைத்திருங்கள். சொன்னவன் பெயரை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே விடாதீர்கள்.

சரி, தெரிந்துவிட்டது. எப்படிப் பேசுவது?

நாலு பேர் முன்னால் பேசவே கூடாது. பிரேயரில் நிறுத்திவைத்துத் திட்டினால் அவன் இறங்கிவர நினைத்தாலும் வழியில்லை. நான் அவனை மைதானத்துக்குக் கோடு போடக் கூப்பிடுவேன். சுண்ணாம்புச் சட்டியை அவன் பிடிக்க, கயிற்றை நான் பிடிக்க, இரண்டு பேரும் குனிந்தபடியே பேசுவோம். முகத்துக்கு முகம் பார்க்காதபோது பையன்கள் நிறையப் பேசுவார்கள். "ஏன்டா அடிக்கப் போற?" என்று கேட்பதில்லை. "அப்ப யாரெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்பேன். யாருக்காகப் போகிறான் என்பது அந்தப் பதிலில் வந்துவிடும்.

அப்புறம் அவனுக்கு ஒரு சாக்குக் கொடுக்க வேண்டும். "எம் பேரைச் சொல்லிக்க. பி.டி. டீச்சர் புடிச்சு வச்சுக்கிட்டாங்க, பஸ் ஏத்தித்தான் விட்டாங்கன்னு சொல்லு" என்பேன். பயந்தவன் என்ற பெயர் வாங்காமல் வீட்டுக்குப் போக அவனுக்கு இது போதும். பழி என்மேல் வந்தால் எனக்கு ஒன்றும் குறையாது. அம்மாக்களும் இதைச் செய்யலாம். "எங்கம்மா மயக்கம் போட்டு விழுந்துருச்சுடா" என்று சொல்லிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பொய்யில் பாவமில்லை.

வீட்டு ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். அடிபட்டு வந்த பிள்ளையைப் பார்த்து "அடி வாங்கிட்டா வந்த?" என்று கேட்காதீர்கள். சித்தப்பா விளையாட்டாகக் கேட்கும் அந்த ஒரு கேள்வி அவனை மறுநாள் திரும்ப அனுப்பிவிடும். அடித்தவன் வீட்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டும் போகாதீர்கள். இரண்டு அம்மாக்கள் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து பேசினால் பாதி தீரும்.

ஆனால் எல்லாவற்றையும் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவனைப் பலர் சேர்ந்து நாள்தோறும் சாதியைச் சொல்லி அவமதிக்கிறார்கள், பஸ்ஸில் உட்காரவிடாமல் எழுப்புகிறார்கள் என்றால் அது கொடுமை. அங்கே "ரெண்டு பேரும் கை குடுங்கடா" என்பது அநியாயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது அதே பள்ளியில் படித்த பையன்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. நான் அதை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் ஒருவன் கயிற்றை எல்லார் முன்னாலும் கத்தரித்தால் மறுநாள் பத்துப் பேர் கட்டிவருவார்கள். எல்லாத் தரப்புப் பெற்றோரையும் ஒரே நாளில் வரவழைத்து, வீட்டிலேயே அவிழ்த்து அனுப்பச் சொல்லுங்கள். அணி பிரிக்கும்போது வரிசையில் நிறுத்தி ஒன்று, இரண்டு எண்ணிப் பிரியுங்கள். ஊர்வாரியாகப் பிரிய விடாதீர்கள். இம்மானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11, தேவர் ஜெயந்தியான அக்டோபர் 30 ஒட்டிய நாட்களில் பஸ்ஸிலும் ஸ்டேட்டஸிலும் சூடு கூடும். அந்த வாரங்களில் பஸ் நிறுத்தத்தில் ஓர் ஆசிரியர் நின்றே ஆக வேண்டும்.

அரிவாள், கத்தி என்று காதில் விழுந்தால் சமாதானம் பேசப் போகாதீர்கள், பிடுங்கவும் முயலாதீர்கள். மற்ற பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு 112-க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனம் உடைந்துபோன பிள்ளை பேச 14416. பையன்களுக்குச் சட்டத்தையும் நேராகச் சொல்லுங்கள். 2015 சிறார் நீதிச் சட்டப்படி, 16 வயது தாண்டியவன் கொடுங்குற்றம் செய்தால், சிறார் நீதி வாரியம் ஆராய்ந்து பெரியவர்களைப் போலவே விசாரிக்க அனுப்பலாம். "சின்னப் பையன், விட்டுருவாங்க" என்று தூண்டிவிடும் அண்ணன்கள் இதைச் சொல்வதில்லை.

நம்மை மீறி நடந்துவிட்டால், அடுத்த சண்டைக்குப் பேச்சு தொடங்குகிற இடம் பெரிய ஆஸ்பத்திரி வாசல். அடிபட்டவனின் கூட்டாளிகள் அங்கே கூடி நிற்பார்கள். அவர்கள் மதிக்கிற ஒரு பெரியவரை, கபடிக் கேப்டனோ தாய்மாமனோ, உடனே அங்கே அனுப்புங்கள். ஆளுக்கொரு வேலை கொடுக்கட்டும். 18 நிரம்பியவர்கள் ரத்தம் கொடுக்கலாம். ஒருத்தன் அடிபட்டவனின் அம்மாவுக்குச் சாப்பாடு வாங்கிவரட்டும். யாரிடமாவது வீடியோ இருந்தால் போலீஸிடம் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். கடைசி பஸ்ஸுக்குள் எல்லாரையும் ஏற்றிவிட்டு, வீடு சேர்ந்தார்களா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.