எழுத்தறிவு விகிதம்: எதால் வகுப்பது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்க (Primary Census Abstract) எக்செல் கோப்பில் எழுத்தறிவு விகிதம் கணக்கிடும்போது, மொத்த மக்கள்தொகையால் வகுக்காதீர்கள். அதிலிருந்து 0-6 வயதுக் குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுங்கள். 7 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் கணக்கெடுப்பு எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகவே சேர்க்கிறது, பள்ளிக்குப் போகிற குழந்தையாக இருந்தாலும் சரி. தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் 5,18,37,507 பேர். மொத்தமான 7,21,47,030-ஆல் வகுத்தால் 71.85% வரும், குழந்தைகள் 74,23,832 பேரைக் கழித்து வகுத்தால்தான் 80.09%, அரசு வெளியிட்ட எண். கழிக்க வேண்டிய எண் அதே வரிசையில் தனி நெடுவரிசையாகவே (column) இருக்கிறது.

மாவட்ட எண்களைக் கூட்டும் முன் இன்னொன்று: ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என மூன்று வரிசைகள் உண்டு. வடிகட்டாமல் கூட்டினால் எண் அப்படியே இரட்டிப்பாகும். 'மொத்தம்' வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிராம அளவில் மட்டும் இந்த வடிகட்டல் வேண்டாம். கிராமத்துக்கு ஊரக வரிசை ஒன்றுதான், அதுவும் காணாமல் போய்விடும்.

1981-க்கும் அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளுக்கும் இந்தக் கழித்தல் பொருந்தாது. 7 வயது வரம்பு 1991-இல்தான் வந்தது.