விளையாட்டுக் கணினிக்குப் புதிய பிராசசர்: மதர்போர்டையும் மாற்ற வேண்டுமா?

பிராசசர் வாங்கப் பணம் ஒதுக்குவதற்கு முன்பு, விளையாட்டு தடுமாறுவதற்கு அதுதான் காரணமா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வி-சிங்கையும் (ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு இணைக்கும் அமைப்பு) ஃபிரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறைத்து, விளையாட்டின் அதே பகுதியை மீண்டும் ஆடிப் பாருங்கள். ஒரு நொடிக்குத் திரையில் வரும் ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் சுமை கிராபிக்ஸ் கார்டின் மேல் இருக்கிறது. பிராசசரை மாற்றிப் பெரிய பயன் கிடைக்காது. எண்ணிக்கை அசையாமல் நின்றால், பிராசசர் தரும் வேலைக்காகக் கிராபிக்ஸ் கார்டு காத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, இருக்கும் மதர்போர்டு எந்த பிராசசர்வரை ஏற்கும் என்று பார்க்க வேண்டும். பி450 மதர்போர்டில் 2018-இல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 2600 பிராசசரைப் பொருத்தி, 1080பி-யில் ஆடுபவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய போர்டில் பிராசசர் பொருந்தும் இடமான ஏஎம்4 சாக்கெட்டிலேயே ரைசன் 5 5600 பொருந்தும். இரண்டிலும் 6 கோர் (கணக்கிடும் பகுதி), 12 திரெட் (ஒரே நேரத்தில் நடக்கும் பணி வரிசை) என்பதால் மாற்றம் வீண் என்று தோன்றலாம். ஆனால் புதியதில் ஒவ்வொரு கோரும் கணிசமாக வேகமானது, விளையாட்டுகளோ கோர்களின் எண்ணிக்கையைவிட அந்த வேகத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன. ரைசன் 7 5700எக்ஸ்3டி கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், 5600-இன் வேகம் 4.4, ஆயினும் அதில் 32 எம்பிக்குப் பதிலாக 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) இருப்பதால், ரேமுக்குப் போய்வரும் நேரம் மிச்சமாகிப் பல விளையாட்டுகளில் அதுவே முந்துகிறது. இப்படி ஒரு வழி இருக்கும்போது மதர்போர்டு, ரேம் என்று எல்லாவற்றையும் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிஞ்சும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

இந்த வழியில் கவனம் தேவைப்படும் இடம் பயாஸ், அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய பிராசசர் பட்டியலைத் திறந்து, புதிய பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று குறித்துக்கொண்டு, பழைய பிராசசர் இருக்கும்போதே அதை ஏற்றிவிட வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் போர்டு முடங்கிவிடக்கூடும் என்பதால் யூபிஎஸ் இணைப்பில் வைத்தே இதைச் செய்வது நல்லது. பழைய பிராசசரைக் கழற்றும்போது கூலரை நேரே மேலே இழுத்தால், உலர்ந்த தெர்மல் பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிப் பின்களை வளைத்துவிடும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, மின் இணைப்பை நீக்கிய பின், கூலரை மெல்ல இடவலமாகத் திருகி எடுங்கள்.

இருக்கும் சாக்கெட்டில் ஏறுவதற்கு இனி எதுவும் இல்லையென்றால் மட்டுமே புதிய மதர்போர்டு. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். எனவே ரேமின் விலையையும் கணக்கில் சேர்த்தே ஒப்பிட வேண்டும். ஆனால் 2027 வரையேனும் அதற்கு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், இன்று ரைசன் 5 7600-இல் தொடங்கிப் பின்னாளில் மதர்போர்டை மாற்றாமலேயே மேலே செல்லலாம். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு நிற்கிறது. அதற்கான மதர்போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு என்பதால், கையில் நல்ல டிடிஆர்4 ரேம் வைத்திருப்பவருக்குக் கோர் ஐ5 12400எஃப் இன்றும் பொருத்தமானதே. 'எஃப்' என்று முடியும் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 13, 14ஆம் தலைமுறையின் உயர்ரக பிராசசரை வாங்கினால், 2024-இல் இன்டெல் வெளியிட்ட மைக்ரோகோடு (பிராசசரின் உள்கட்டளைகள்) திருத்தங்கள் அடங்கிய பயாஸை முதலில் ஏற்ற வேண்டும். அவை இல்லாமல் அந்த பிராசசர்கள் நிலையற்றுப் போன பிரச்சினை பரவலாக அறியப்பட்டது.

மதர்போர்டில் ஆடம்பரம் தேவையில்லை. 65 வாட் பிராசசருக்கு வோல்டேஜ் சீராக்கிகளின் மேல் ஹீட்சிங்க் உள்ள, எஸ்எஸ்டி பொருத்த இரண்டு எம்.2 இடங்கள் கொண்ட, ஏஎம்5-க்கான பி650 போர்டு போதும். அதைவிட உயர்ரகமான எக்ஸ்670-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஃபிரேம்களாகத் திரும்பி வராது. இன்டெலில் ஓவர்கிளாக் செய்ய (பிராசசரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) விரும்புபவருக்கு மட்டும் 'கே' வகை பிராசசரும் 'இசட்' வகை மதர்போர்டும் சேர்ந்தே வேண்டும். கேபினெட்டின் அளவையும் பாருங்கள்: ஏடிஎக்ஸ் போர்டு 305×244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் பெரும்பாலும் 244×244.

மதர்போர்டு மாறினால் விண்டோஸ் உரிமம் செயலிழக்கக்கூடும் என்பதால், அதை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். ரேம் இரண்டு துண்டுகளாக இருக்கட்டும். நான்கு இடங்கள் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4ஆம் இடங்களில் பொருத்துவதே வழக்கம். பிறகு பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 6000 என்று வாங்கிய ரேம் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.